மாணவச் செவிலியர் சங்கம்

மாணவச் செவிலியர் சங்கம் இந்தியாவில் செவிலியர் படிப்பு படிக்கும் மாணவ மாணவியருக்கான தேசிய அமைப்பு. 1929இல் தொடங்கப்பட்ட இது, இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் கீழ் இயங்குகிறது. கல்லூரிகளில் முழுப்பெயரைச் சொல்வார் குறைவு, எஸ்.என்.ஏ. என்றால்தான் சட்டெனப் புரியும்.

தாய்ச் சங்கத்தின் வேர் லக்னோவில் இருக்கிறது. 1905இல் அங்கே நர்ஸிங் சூப்பரின்டெண்டன்டுகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1908இல் பயிற்சி பெற்ற செவிலியர் அனைவருக்குமான சங்கம் உருவானது. அதன் இதழ் 1910இல் வெளிவரத் தொடங்கியது. மேலதிகாரிகள் முதலில் கூடினார்கள், வார்டில் நின்றவர்கள் அடுத்து, படிப்பவர்கள் கடைசியில். இந்த வரிசை அன்றைய ஆஸ்பத்திரியின் படிநிலையை அப்படியே காட்டுகிறது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பயிற்சி மாணவி என்பவள் வெகுகாலம் பாதி மாணவி, பாதி ஊழியர். வார்டு வேலையின் பெரும்பங்கு அவள் தலையில். விடுதியில் மேட்ரன் வைத்ததே சட்டம். மாகாணத்துக்கு மாகாணம் பாடமும் தேர்வும் வேறுபட்டன. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926இல் வந்தது. நாடு முழுமைக்குமான இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டமோ 1947இல்தான். ஆக, பாடத்திட்டம் ஒன்றுபடும் முன்பே மாணவியருக்கு ஒரு பொதுச் சங்கம் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் தேசிய மாணவச் செவிலியர் சங்கம் 1952இலும், மருத்துவ மாணவர் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1951இலும் பிறந்தவை என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் இந்த முன்னோடித்தனம் விளங்கும். இங்கே இது பெரிதாகப் பேசப்படாதது வியப்புதான்.

கல்லூரிதோறும் ஒரு கிளை, அதற்கு மேல் மாநிலக் கிளை, பிறகு தேசிய அமைப்பு. மாணவர் பொறுப்பாளர்களுக்கு ஆலோசகராக ஆசிரியர் ஒருவர் இருப்பார். பேச்சு, எழுத்து, சுவரொட்டி, விளையாட்டுப் போட்டிகள், கண்காட்சி, நிதி திரட்டல், மாநாடுகள் ஆகியவை வழக்கமான பணிகள். மே 12, நைட்டிங்கேல் பிறந்தநாள், கிளைகளுக்குத் திருவிழா. தலைமைப் பயிற்சிக்குச் சங்கம் நல்ல களம். உதவித்தொகைக்கோ விடுதிக் குறைக்கோ கொடி பிடிக்கும் சங்கத்தை இதில் தேடினால் ஏமாற்றம்தான்; ஆசிரியர் மேற்பார்வையில் நடக்கும் அமைப்புக்கு அந்த வரம்பு இயல்பு.

செவிலியம் படிப்பவருக்கு ஓர் ஊர் எப்படிக் களமாகிறது என்பதற்குத் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளலாம். அது 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அக்காலத்தில் இப்பகுதிக்கு அருகிலிருந்த பெரிய பயிற்சி நிலையம் வேலூர் சி.எம்.சி. அங்கே செவிலியர் பள்ளி 1909இல் தொடங்கியது; 1946இல் பட்டப்படிப்பும் வந்தது. டெல்லியிலும் அதே ஆண்டில்தான் பட்டப்படிப்பு தொடங்கியது. இன்று திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமம் ஓர் இலவச மருந்தகம் நடத்துகிறது. ஆசிரமத்தின் வாசலைத்தான் 14 கிலோமீட்டர் கிரிவலக் கூட்டம் பௌர்ணமிதோறும் வெறுங்காலில் கடக்கிறது. கொப்புளம், மயக்கம், நீரிழப்பு, முதியோரின் சர்க்கரைக் குறைவு என்று சமூக நலச் செவிலியம் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது.

படிப்பு முடிந்ததும் எஸ்.என்.ஏ. உறுப்பினர் தகுதி முடிகிறது. அதன்பின் தாய்ச் சங்கத்தில் உறுப்பினராகலாம்.