ஏ. ஜி. ஹாக்கின் இறையியல் எங்கே தொடங்குகிறது?

சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 1903இல் வந்து மெய்யியல் கற்பித்து, 1928 முதல் 1938 வரை அதன் முதல்வராகவும் இருந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், இந்தியக் கிறித்தவச் சிந்தனை வரலாற்றில் ஜே. என். ஃபார்குஹரின் மறுப்பாளராகவே பெரிதும் அறியப்படுகிறார். எரிக் ஷார்ப் 1965இல் வெளியிட்ட ஆய்வுக்கு இதில் பங்குண்டு. அந்நூலின் நாயகர் ஃபார்குஹர். இந்து சமயத்தின் தேடல்கள் கிறிஸ்துவில் முழுமை பெறுகின்றன என்னும் அவருடைய 'நிறைவேற்றக் கோட்பாடு' அதன் மையம். ஆகவே ஹாக் அங்கே இடைமறிக்கும் குரலாக மட்டுமே நுழைய முடிகிறது. ஷார்ப் 1971இல் ஹாக்கின் இறையியலுக்கெனத் தனிநூல் எழுதிய பின்னரும், அவரை எதிர்வினையாளராகக் காணும் பழக்கம் விலகவில்லை.

இப்பார்வைக்குக் கால வரிசை இடம் தரவில்லை. ஃபார்குஹரின் 'இந்து சமயத்தின் மகுடம்' 1913இல் வெளிவந்தது. ஹாக்கின் 'கர்மமும் மீட்பும்' 1904–05இல் கல்லூரி இதழில் தொடராக வந்து 1909இல் நூலாயிற்று. ஃபார்குஹரின் கருத்து 1913க்கு முன்பே உருவாகிவந்தது என்பதால் ஆண்டுகள் மட்டும் வழக்கைத் தீர்த்துவிடா என்பது உண்மையே. ஆயினும் 1909 நூலின் துணைத்தலைப்பு இதுவரை பெற்றதைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது. இந்து சமயத்தை விளக்குவதையும் கிறித்தவத்தை மறுபடி எடுத்துரைப்பதையும் அது ஒரே முயற்சியின் இரு பணிகளாக இணைக்கிறது. கிறித்தவம் ஏற்கெனவே முழுமையான விடை என்று கொள்பவருக்கு இரண்டாவது பணி தேவைப்படாது. ஒரு துணைத்தலைப்பின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். நூலின் வாதமே அப்பாரத்தைத் தாங்குகிறது. வினைக்கேற்ற பயன் வினை செய்தவனையே சென்று சேரும் என்னும் கர்ம நியதி, உலகை நீதிமன்ற ஒழுங்காகக் காண்கிறது. கிறித்தவம் காணும் உலகு அறவொழுங்கு உடையது, ஆனால் நீதிமன்றம் அன்று என்கிறார் ஹாக். அப்படியானால் மீட்பையும் தண்டனைக் கணக்காக விளக்க இயலாது. கர்மத்தோடு நடந்த விவாதம் கிறித்தவத்தின் பழைய விளக்கங்களையும் அசைத்துவிடுகிறது. இது ஃபார்குஹருக்குச் சொன்ன மறுமொழி அன்று. வகுப்பறையில் இந்து மாணவர்களை நாள்தோறும் எதிர்கொண்ட ஆசிரியர் ஒருவரின் சொந்தச் சிக்கல் என்று கொள்வதே பொருந்தும்.

அம்மாணவர்களுள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். வேதாந்தத்தின் அறவியல் பற்றி அவர் 1908இல் எழுதிய முதுகலை ஆய்வேட்டை ஹாக் பாராட்டினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்த அவ்வேடு ஹாக்கின் தொடரையே குறிவைத்தது என்று துணிவதற்கில்லை. இருவரும் ஒரே வினாவைச் சுற்றி இயங்கினர் என்ற அளவில் நிற்பதே முறை.

கிறிஸ்து நிறைவு செய்வது இந்து சமயத்தை அன்று, அவரைச் சந்தித்ததால் புதிதாக விழித்த ஒரு தேவையையே என்று ஹாக் கருதினார். 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டின் வினாநிரலுக்கு அவர் அனுப்பிய விடையும் இத்திசையில் செல்வதே. 1938 டிசம்பரில், ஹாக்கின் பொறுப்பில் முந்தைய ஆண்டு ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்திருந்த கல்லூரி வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கென ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், பிற சமயங்களை வாழ்வனைத்தையும் தழுவும் மனித அமைப்புகளாக மதிப்பிட்டது. 1939இல் வெளிவந்த மாநாட்டுத் தொகுதியில் ஹாக் இதற்கு விடை தந்தார்: சமயங்கள் வேறு, அவற்றுள் வாழும் விசுவாசம் வேறு, கிறிஸ்துவை ஏற்காத ஒருவரின் வாழ்வும் இறைவனுள் மறைந்திருக்கக்கூடும். இப்பாகுபாடு கிரேமரின் தூண்டுதலால் பிறந்ததாகக் கொண்டால், ஹாக் இரண்டாம் முறையும் எதிர்வினையாளராகிவிடுவார். கோட்பாடுகளிலிருந்து வாழ்ந்த அனுபவத்தைப் பிரித்துப் பார்க்கும் மனப்போக்கு 1904–05 தொடரிலேயே தென்படுகிறது. ஆனால் அது எந்த ஆண்டில் தெளிந்த பாகுபாடாக இறுகியது என்பதை உறுதிசெய்ய இச்சான்றுகள் போதா. 1910க்கும் 1939க்கும் இடையில் என்ற அகன்ற எல்லையையே இப்போதைக்கு ஏற்க வேண்டியுள்ளது.