பத்தாம் நாள் காயத்தை யார் பார்ப்பார்?



சென்ற கிழமை நான் படிப்பித்த பிள்ளை ஒருவர் வளைகுடாவிலிருந்து கோல் எடுத்தார். நல்ல தொழில், நல்ல சம்பளம். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சைக்காக இன்னொரு நாட்டுக்குப் போகப் போகிறாராம். டிக்கெட், ஹோட்டல், ஒப்பரேஷன் எல்லாம் சேர்த்து ஒரே பெக்கேஜ். மொத்தம் ஐந்து நாள். ஆறாம் நாள் அங்கிருந்தே லீவில் ஊருக்கு வருவாராம். "சேர், இது கூடுமா கூடாதா?" என்று கேட்டார்.

மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள் மகன் என்று சொல்லிவிட்டேன். நான் சரித்திரம் படிப்பிப்பவன். எனக்குத் தெரிந்த சரித்திரத்தை மட்டும் அவருக்குச் சொன்னேன். இப்படிப் போக யோசிப்பவர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால் அதை இங்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

உடலின் குறையைச் சீர்செய்வது நேற்று வந்த விடயமல்ல. அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து வைத்தார்கள். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் இந்தச் செய்தி இருக்கிறது.

கொர்டோபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி (936-1013) தமது "அத்தஸ்ரீப்" என்ற 30 பாகப் பெருநூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். ஆண்களுக்கு மார்பு பெருத்துவிட்டால் அதை எப்படி வெட்டிச் சீராக்குவது என்றுகூட அதில் எழுதியிருக்கிறார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியாவின் சுஸ்ருதர் பெயரால் வழங்கும் நூலில் மூக்குச் சிகிச்சை விவரிக்கப்பட்டிருந்தது. அப்பாஸியர் காலத்து பக்தாதில் அந்த நூல் அரபுக்கு மொழிபெயர்க்கப்பட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1794 ஒக்டோபரில் லண்டனின் "ஜென்டில்மன்ஸ் மெகசின்" என்ற சஞ்சிகையில் ஒரு கடிதம் வெளியானது. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் கைதியாகப் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டவர். ஒரு வருடம் போல அப்படியே இருந்தார். பிறகு பூனாவுக்கு அருகில், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவரது நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புது மூக்குச் செய்து கொடுத்தார். அந்தக் கடிதத்தை வாசித்து, பிணங்களில் பழகிப் பார்த்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். ஐரோப்பாவில் நவீன மூக்குச் சிகிச்சைக்கு வழிதிறந்தது அதுதான்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த பகுதி வெட்டியதைப் பற்றியதல்ல. வெட்டிய பிறகு நடந்ததைப் பற்றியது. ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரங்கள் மூடிப்போகாமல் மெல்லிய துணி வைக்க வேண்டும். நெற்றியோடு சேர்ந்திருக்கும் தோலை 25ஆம் நாள் அளவில் வெட்டிவிட வேண்டும். அதாவது, கத்தி வைத்த அதே மனிதர் 25 நாள் வரைக்கும் பக்கத்தில் இருந்தார்.

அதற்கு முன் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் தலியாகோட்ஸி என்பவர் கைத்தோலை மூக்கில் ஒட்டியபோதும் இதே கதைதான். 1597இல் நூலாக வந்த அவரது முறையில் நோயாளியின் கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி இரண்டு மூன்று கிழமை வைத்திருப்பார்கள். அந்தக் கோலத்தில் யாரும் ஊர்விட்டு ஊர் போக முடியாது.

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக, நியூசிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கில்லிஸ் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் 1917இல் ஒரு வைத்தியசாலையை நடத்தத் தொடங்கினார். 5,000 பேருக்கு மேல், 11,000 ஒப்பரேஷன்களுக்கு மேல். ஒரே ஆளுக்குப் பல தடவை. மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தங்கினார்கள். அவர்கள் உட்கார வீதியோரத்து வாங்குகளுக்கு நீல நிறம் பூசினார்கள். அங்கே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள் என்று ஊராருக்கு அது ஓர் அடையாளம்.

போருக்குப் பிறகு இந்தக் கலை அழகுக்கும் கூடுதலாகப் பயன்படத் தொடங்கியது. கில்லிஸே அதைச் செய்தார். 1977இல் பிரான்ஸில் இல்லூஸ் என்ற வைத்தியர் இன்றைய கொழுப்பு உறிஞ்சும் முறைக்கு வடிவம் கொடுத்தார். பிறகு விமானப் பயணம் மலிந்தது. இணையம் வந்தது. 25 நாள் ஐந்து நாளானது. ஒப்பரேஷன் ஒரு நாட்டில், காயம் ஆறுவது இன்னொரு நாட்டில்.

அதன் விலையையும் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது. நைஜீரிய ஜனாதிபதியின் மனைவி ஸ்டெல்லா ஒபசாஞ்சோ 2005 ஒக்டோபர் 23இல் ஸ்பெயினின் மார்பெல்லாவில் இறந்தார். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்ச வைத்த குழாய் வயிற்றறைக்குள் போய்க் குடலையும் ஈரலையும் துளைத்துவிட்டது. 2009இல் அந்த வைத்தியருக்கு ஸ்பெயின் நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு நாட்டின் முதல் பெண்மணிக்கே இது நடந்தது. பணமோ செல்வாக்கோ அவரைக் காப்பாற்றவில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்குப்படி, 2009 முதல் 2022 வரை டொமினிக்கன் குடியரசில் அழகுச் சத்திரசிகிச்சை செய்து இறந்த அமெரிக்கர்கள் 93 பேர். 2019, 2020ஆம் ஆண்டு மரணங்களை ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று, கொழுப்புத் துணிக்கைகள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைப்பது. மற்றது, காலில் உறையும் இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது. ஒப்பரேஷன் முடிந்த உடம்போடு விமானத்தில் மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் இந்த இரண்டாவது ஆபத்து கூடும். வயிற்றிலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை செய்தவர்கள் குறைந்தது 10 நாளாவது விமானம் ஏறக்கூடாது என்று அதே நிலையம் சொல்கிறது.

பூனாவில் அன்று எண்ணிய பத்தாம் நாளை இங்கே நினைத்துப் பாருங்கள்.

2023இல் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரில் இரண்டு கிளினிக்குகளில் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று மூளைச்சவ்வைத் தாக்கியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குத் தலையிடி தொடங்கியது வீடு திரும்பிக் கிழமைகள் கழிந்த பிறகு. சாதாரணத் தலையிடி என்று இருந்தவர்களும் உண்டு.

வெளிநாட்டு வைத்தியர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கைதேர்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் சத்திரசிகிச்சை என்பது மேசையில் முடிகிற காரியமல்ல. காயம் ஆறும்வரை வெட்டியவர் பார்க்க வேண்டும். பெக்கேஜில் கழிபட்டுப் போவது அந்த நாட்கள்தான்.

ஆகவே போகத்தான் போகிறோம் என்பவர்கள் இதையாவது கேளுங்கள். வெட்டப்போகும் வைத்தியரின் பெயர் என்ன, அந்நாட்டு மருத்துவச் சபையில் பதிவு இருக்கிறதா? ஏதும் நடந்தால் அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? எத்தனை நாள் தங்க வேண்டும்? ஊருக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு? என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற அறிக்கை எழுத்தில் கைக்கு வருமா?

ஏற்கனவே செய்துகொண்டு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், காயத்தில் நீர் வடிதல் எது வந்தாலும் நமது வைத்தியசாலைக்கு உடனே போங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்கே, என்ன செய்தீர்கள் என்று தெரியாமல் வைத்தியர் எதைத் தேடுவார்?

கடைசியாக நமக்கும் ஒன்று. ஏன் மகன் இந்த யோசனை என்று கேட்டேன். போன லீவில் வந்தபோது கலியாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் தன் வயிற்றைத் தட்டிச் சிரித்தார்களாம். பிறரைப் பரிகசிக்க வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று சிட்கப்பில் வாங்குக்கு நிறம் பூசினார்கள். நாம் வாயை அடக்கினாலே போதும்.

அந்தப் பிள்ளை, பத்தாம் நாள் காயத்தை யார் பார்ப்பார் என்று ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார். "வட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்கள்" என்று பதில் வந்ததாம். நேற்றிரவு எனக்கு மெசேஜ் போட்டார்: "சேர், நான் நேரே ஊருக்கு வாறேன்."

அல்லாஹ் நம் எல்லோருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. போகும் யோசனையில் இருப்பவர் யாரும் உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு எத்திவையுங்கள்.