அறிவியல் புனைகதைவழிச் சமூக ஆய்வு

அறிவியல் புனைகதைகளைச் சான்றாகக் கொண்டு, அவை எழுந்த சமூகத்தின் அச்சங்களையும் ஆசைகளையும் அதிகார உறவுகளையும் ஆராயும் கல்விப்புல முறை. கதையில் வந்த கருவி பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டதா என்பது இதில் முக்கியமல்ல. எழுதியவரின் காலம் எதை இயற்கை என்று நம்பியிருந்தது என்பதே கேள்வி.

இதற்கு நல்ல சான்று, வங்க எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் இது முதலில் அச்சானது. கதையில் வரும் பெண்ணாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். அடுப்பெரிவது சூரிய வெப்பத்தால். மழைநீரை மேகத்திலிருந்தே பலூன் வழியாக இறக்கிக்கொள்கிறார்கள். பகலில், முக்காடின்றித் தெருவில் நடக்கக் கூசுகிறாள் சுல்தானா. அதைப் பார்த்த பெண்கள், அவள் ஆண்பிள்ளைபோல இருப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்நாட்டில் கூச்சமும் பயமும் ஆண்களின் குணம்! வங்க முஸ்லிம் குடும்பங்களின் பர்தா வழக்கத்தையும், அன்றைய பெண்கல்வி விவாதத்தையும் ஆய்வாளர்கள் இந்தக் கதையின் ஊடே வாசிக்கிறார்கள். சட்டமும் புள்ளிவிவரமும் பெண்களின் அடைபட்ட நிலையைப் பதிவு செய்யலாம். அதை ஆண்மேல் திருப்பிப் போட்டு அதன் அபத்தத்தை உணர்த்தியது இந்தச் சிறுகதைதான்.

துறை நிறுவன வடிவம் பெற்றது அமெரிக்காவில். ஆய்விதழ்களான 'எக்ஸ்ட்ராபொலேஷன்' 1959இலும் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்' 1973இலும் தொடங்கின. பழகிய உலகைத் தர்க்கம் பிசகாமல் அந்நியமாக்கிக் காட்டுவதே இவ்வகைக் கதையின் அடையாளம் என்று திறனாய்வாளர் டார்கோ சூவின் 1979இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். மாயக்கதைகளை அவர் ஒதுக்கியது பின்வந்தோரால் மறுக்கப்பட்டது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர்களில் மானிடவியலுக்கு மிக நெருக்கமானவர் அர்சுலா லெ குவின். மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள். அவருடைய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) நாவலில் கெதன் கோள் மக்களுக்கு நிலையான ஆண்பால், பெண்பால் இல்லை. மாதத்தில் சில நாட்களே பாலியல் நிலை தோன்றும், யாரும் கருத்தரிக்கலாம். ஆனால் அவர்கள் எல்லோரையும் லெ குவின் ஆண்பாற்சொல்லாலேயே குறித்ததைப் பெண்ணியத் திறனாய்வாளர்கள் கண்டித்தனர். 1976இல் கட்டுரை எழுதித் தம் தேர்வை நியாயப்படுத்திய லெ குவின், 1980களின் பிற்பகுதியில் அதே கட்டுரையைத் திருத்தி, கண்டனத்தை ஏற்றார். நாவலோடு இந்த இரண்டு வடிவங்களையும் சேர்த்தே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். பால் பற்றிய சிந்தனை அந்த இடைவெளியில் எவ்வளவு நகர்ந்தது என்பது அவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது.