பெனடிக்ட் நீலம்: ஒரு சீசாவின் வரலாறு

புனே ரவிவார் பேட்டில் ரசாயனச் சாமான் வியாபாரம் செய்கிறவன் நான். கல்லூரிகளுக்கு அனுப்பும் சீசாக்களில் ஒன்றைத் தொட்டாலே வந்தவாசிப் பக்கத்து எங்கள் வீட்டு அடுப்படி நினைவுக்கு வரும். அது பெனடிக்ட் கரைசல். சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறதா என்று காட்டும் நீல நீர். அதன் கதையை நம் சங்க மலரில் எழுத வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை.

நீரிழிவுக்காரரின் சிறுநீர் இனிக்கும் என்பதை நம் முன்னோர் எப்போதோ கண்டுவிட்டார்கள். சரக சம்ஹிதை பிரமேகத்தை 20 வகையாகப் பிரித்து, எறும்பு மொய்ப்பதையும் குறிக்கிறது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் தேன் போல இனிக்கிறது என்று எழுதினார். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். ஆக எறும்பு, நாக்கு, அடுப்பு. வீட்டிலே தினமும் செய்கிற காரியமா இது?

பிறகு வந்தது மயில்துத்தம். காரம் சேர்ந்த மயில்துத்தக் கரைசலில் குளுக்கோஸ் விட்டுச் சூடாக்கினால் செம்பு செந்தூளாகப் படியும். இதை வைத்து 1840களின் கடைசியில் ஜெர்மானியர் ஃபெலிங் ஒரு சோதனை அமைத்தார். நல்ல சரக்குதான், ஆனால் இரண்டு சீசா. முன்கூட்டியே கலந்து வைத்தால் கெட்டுப்போகும். காரமும் கடுமை, கையில் பட்டால் புண்ணாகிவிடும்.

1909இல் அமெரிக்காவில் ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட், 25 வயதுகூட நிறையாதவர், தம் கரைசலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். கடுங்காரத்துக்குப் பதில் சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவை சோடா வகை. செம்பைக் கரைசலில் பிடித்து வைக்க சோடியம் சிட்ரேட். பின்னால் நிலைத்துவிட்ட அளவு, லிட்டருக்கு மயில்துத்தம் 17.3 கிராம், சிட்ரேட் 173, கார்பனேட் 100. ஒரே சீசா, மாதக்கணக்கில் கெடாது. பண்டிதர்கள் அவர் நுண்ணறிவைப் புகழட்டும். வியாபாரி நான் புகழ்வது அந்தக் கெடாத சீசாவை. அதனால்தானே அது பட்டிக்காட்டுக்கும் வந்தது!

ஒரு வேடிக்கை. நாங்கள் தொடாத தேன் இதில் செங்கல் நிறம் காட்டும். கடையில் விற்கிற வெள்ளைச் சர்க்கரையைப் போட்டால் நீலம் அப்படியே இருக்கும். கரும்புச் சர்க்கரை செம்பை மாற்றாத ஜாதி.

1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார். 1970களில் எங்கள் ஊரில் அம்மாதான் பிரிவு. சோதனைக் குழாயில் 5 மில்லி நீலம், எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதி. நீலம் என்றால் இல்லை. பச்சை கொஞ்சம், மஞ்சள் அதிகம், செங்கல் நிறம் 2 சதவீதத்துக்கு மேல். "இன்னிக்குப் பச்சைதான், பயப்படாதீங்க" என்பாள். நீலம் வந்த அன்று அப்பா ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார்.

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. இரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். வயதானவர் சிலருக்கு அந்த வரம்பு இன்னும் மேலே. குழாய் நீலமாகவே இருக்க, உள்ளே ஏறிக்கொண்டே போகும். சென்னைக்குக் கூட்டிப்போய் இரத்தம் பார்த்தபோது 280. அதற்குள் அப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டது. அம்மா அந்தக் குழாயைப் பிறகு தொடவே இல்லை. அவள் மேல் என்ன தப்பு? அவள் பார்த்த நிறம் நிஜமான நிறம்தான்.

குளுக்கோஸை மட்டும் கண்டுபிடிக்கும் தாள் பட்டை 1956இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வர வெகு காலம் ஆனது. இப்போது விரலில் ஊசி குத்தி நொடியில் எண் பார்க்கிறோம். நானும் காலையில் அப்படித்தான். நீலச் சீசா மட்டும் ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்ததும் பெட்டி பெட்டியாகப் போகிறது. பிள்ளைகள் குளுக்கோஸ் தூளைக் கரைத்துச் செங்கல் நிறம் வரவழைத்து மார்க் வாங்குகிறார்கள்.