இலவசப் படமும் கட்டற்ற படமும்

2008 பொங்கல் மலரை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டெக்சாஸில் முதுகலை முடித்து, டாலஸ் பக்கம் முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். சங்கத்தில் படம் வாங்கப் பணமில்லை. ஃபிளிக்கரில் தேடினேன். திருநெல்வேலிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி பூ தொடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் சொன்னது. குறிப்பிட்டேன். பாட்டி அட்டையில் வந்தார்.

விழா மண்டபத்தில் ஓர் அக்கா மலரோடு வந்து நின்றார். "தம்பி, இது எங்க அத்தைல்லா. போன ஆவணியிலதான் தவறிப் போனாவ. யாரைக் கேட்டுப் போட்டிய?"

"படம் எடுத்தவரே அனுமதி குடுத்திருக்காருக்கா."

"எடுத்தவன் குடுத்தா போதுமா? அத்தைட்ட யாரு கேட்டா?"

என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

அமெரிக்கா 1989இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தபின், பதிப்புரிமைக்குப் பதிவோ அறிவிப்போ தேவைப்படவில்லை. படத்தை எடுத்த கணமே அது எடுத்தவருக்குச் சொந்தம். இதில் ஒரு சிக்கலும் வந்தது. தன் படத்தை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நினைப்பவருக்குக்கூட அதைச் சொல்ல எளிய வழி இல்லை. சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக்கும் நண்பர்களும் 2001இல் கிரியேட்டிவ் காமன்ஸைத் தொடங்கியது இதற்காகத்தான். முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வெளிவந்தன. வான்கூவரில் ஓர் இணைய விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த லுடிகார்ப் என்ற சிறு நிறுவனம் 2004 பிப்ரவரியில் ஃபிளிக்கரை வெளியிட்டது. அதே ஆண்டில் அந்த உரிமங்களையும் அதில் சேர்த்தது. நாட்காட்டிப் படங்களையும் வார இதழ் அட்டைகளையும் ஸ்கேன் செய்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த நம் சிற்றிதழ்களுக்கு இது பெரிய விடுதலை.

நூலகங்களும் வந்தன. அந்தப் பொங்கல் வாரத்திலேயே, 2008 ஜனவரி 16 அன்று, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கரில் வைத்தது. 2013 டிசம்பரில் பிரிட்டிஷ் நூலகம் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான நூல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது.

ஆனால் அக்காவின் கேள்வி அதற்கு முன்பே நீதிமன்றம் போயிருந்தது, அதுவும் எங்கள் டாலஸிலேயே. தேவாலய நிதிக்காகப் பிள்ளைகள் கார் கழுவிய இடத்தில் ஒரு பள்ளி மாணவியை அவளுடைய இளைஞர் குழு வழிகாட்டி படமெடுத்தார். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தோடு ஃபிளிக்கரில் ஏற்றினார். 2007இல் அவள் முகம் ஆஸ்திரேலியப் பேருந்து நிறுத்தங்களில் வர்ஜின் மொபைல் விளம்பரமாக நின்றது, கேலியான ஒரு வாசகத்தோடு. குடும்பம் வழக்குப் போட்டது. அந்த ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மீது தனக்கு அதிகாரவரம்பு இல்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் 2009 ஜனவரியில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

உரிமத்தில் விடை இருந்தது. எடுத்தவர் தன்னிடம் உள்ளதை மட்டுமே தர முடியும்; படத்தில் இருப்பவரின் முகத்தின் மீதான உரிமை அவரிடம் இல்லை. 2013இல் வந்த நான்காம் பதிப்பு, தனியுரிமையும் தன் உருவத்தின் மீதான உரிமையும் இதில் அடங்காது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நாம்தான் வாசிப்பதில்லை. 'வணிகத்துக்கு அல்ல' என்ற நிபந்தனை, பாதிப் பக்கம் நகைக்கடை விளம்பரமாக வரும் மலருக்குப் பொருந்துமா என்றுகூட யோசிப்பதில்லை.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்தான். தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று அழைத்துக்கொள்கிறது. இலவசம் என்று அல்ல. நல்ல வேறுபாடு அது. நான் அன்று எடுத்தது பதிப்புரிமைக் கட்டு தளர்ந்த படம். அதில் இருந்தவருக்கு வீடும் மருமகளும் இருந்தார்கள் என்பதை நான் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் அக்காவே தொலைபேசியில் அழைத்தார். மலர் பத்துப் பிரதி வேண்டுமாம். அத்தைக்கு வேறு நல்ல படம் இல்லையாம். ஃபிளிக்கரில் இருந்த பெரிய அளவுப் படத்தை இறக்கி, அச்செடுத்துக் கொடுத்தேன். எடுத்தவருக்கும் எழுதிச் சொன்னேன்.

இப்போது மலரை என் மகள் வடிவமைக்கிறாள். படம் எடுக்கும் நாளிலேயே உரிமப் பக்கத்தையும் தேதியோடு சேமித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். எடுத்தவர் பின்னால் மனம் மாறினாலும் அதுதான் சான்று. கோயில், வயல், கடல் என்றால் அதோடு சரி. முகம் என்றால் கேட்டுத்தான் போட வேண்டும். "யாரைக் கேட்கிறதுப்பா? இவங்க யாருன்னே தெரியாதே" என்றாள் போன மாதம், சந்தையில் கீரை விற்கும் ஒரு கிழவியின் படத்தைக் காட்டி.

"அப்போ வயலைப் போடும்மா" என்றேன்.