வடிகட்டாத எண்ணெய் கற்பித்த பாடம்



ஜொகூர்த் தோட்டங்களில் பால் வெட்டி வளர்ந்த குடும்பங்கள் நாம். வாளிப் பாலை வடிகட்டாமல் விட்டால் பட்டைத்தூள் ஷீட்டில் தங்கித் தரத்தைக் கெடுத்துவிடும். இது நமக்கு அத்துப்படி. ரப்பரை டயராக அணிந்து ஓடிய மோட்டார் வண்டிகளின் எஞ்ஜினுக்குள்ளும் இதே கதை ஒருமுறை நடந்தது.

எஞ்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும், புகை வெளியேறவும் வால்வுகள் என்னும் சிறு கதவுகள் உண்டு. கேம் என்னும் மேடுள்ள தண்டு சுழன்று, டேப்பெட் வழியாக அவற்றைத் திறக்கிறது. எஞ்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். சூட்டில் இரும்பு நீளும். ஆகவே இடையில் மெல்லிய இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் ‘டக் டக்’ என்று ஓசை கேட்கும். குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகும்.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். எண்ணெயின் அழுத்தமே இடைவெளியை நிரப்பட்டும் என்றார்கள். 1930-இல் அமெரிக்காவின் கேடில்லாக் கம்பெனி தன் பதினாறு சிலிண்டர் எஞ்ஜினில் இம்முறையைக் கையாண்டது. 1936-இல் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியும் தன் ‘ஃபேண்டம் மூன்று’ என்னும் பன்னிரண்டு சிலிண்டர் வண்டியில் இதைப் பொருத்தியது. ஹென்றி ராய்ஸ் 1933-இல் மறையும் முன் தொடங்கிய கடைசி வண்டி அது.

எஞ்ஜின் ஓசையின்றி ஓடியது. ஆனால் அந்நாளைய எண்ணெயில் கசடு படிந்தது. டேப்பெட்டின் நுண்ணிய துளைகள் அடைபட்டன. ஓசை எழுந்தது, பாகங்கள் தேய்ந்தன. விலையுயர்ந்த வண்டியை வீழ்த்தியது ஊசிமுனைக் கசடுதான்! 1938-இல் கம்பெனி கையால் சரிசெய்யும் கெட்டியான டேப்பெட்டுக்கே திரும்பியது. பழைய வண்டிகள் பலவும் அவ்வாறே மாற்றப்பட்டன. இன்று அவற்றைப் புதுப்பிப்போர் கேம் தேய்வை அளந்து, தகடு நுழைத்து இடைவெளி பார்த்து, ஓட்டிச் சோதித்த பிறகே திருப்தி கொள்கிறார்கள்.

அந்த யோசனை தவறன்று. துப்புரவான எண்ணெய்தான் அன்று கிட்டவில்லை. நல்ல எண்ணெயும் வடிகட்டியும் வந்த பின்னர், அதே முறை சாதாரண வண்டிகளிலும் நிலைத்துவிட்டது.

ஆகவே நேயர்களே, வீட்டு மோட்டார் சைக்கிளானாலும் ஆலை எஞ்ஜினானாலும், எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். பாலை வடிகட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?