பழைய கைத்துப்பாக்கி: கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் அதன் வரலாறு

ஒரு படையின் ஆயுதசாலையிலோ ஒரு தனிமனிதரின் பெட்டியிலோ சில காலம் இருந்துவிட்டு, பிறகு விலைக்கு வேறொருவர் கைக்கு மாறும் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் பழைய கைத்துப்பாக்கி என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாணிபத்தின் கணிசமான பகுதி போலீஸ் இலாகாக்கள் கழித்துக் கொடுக்கும் துப்பாக்கிகளால் நடைபெறுவது. அங்கே நேற்று வரை ஒரு போலீஸ்காரரின் இடுப்பில் தொங்கியது இன்று கடைப் பலகையில் விலைச்சீட்டோடு கிடக்கும். பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், அதாவது கடலூரிலும் சிதம்பரத்திலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும், துப்பாக்கி கைமாறுவது உண்டெனினும், போலீஸாரின் துப்பாக்கி குடிமக்களின் கைக்கு வருவதற்குச் சட்டத்தில் வழி இல்லை. அந்தத் தடை எப்படித் தோன்றியது, சுதந்திரத்துக்குப் பிறகும் ஏன் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடலூரில் ஆங்கிலேயரின் முதல் ஆட்சி எல்லையே வெடிமருந்தால் குறிக்கப்பட்டது. 1690ஆம் ஆண்டில் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமின் ஆளுகையில் இருந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டுமளவும் உள்ள நிலமும் ஊர்களும் அக்கிரயத்தில் அடங்கும் என்பது ஏற்பாடு. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவ்வாறே சுடப்பட்டு, குண்டின் எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் என வழங்கலாயின. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப் பெயரில் அந்நாளின் சுவடு இன்றும் இருக்கிறது. செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டையை 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார். 1781 ஜூன் மாதத்தில், ஹைதர் அலியின் வீரர்கள் அரணாகக் கொண்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய ஜெனரல் அயர் கூட் நஷ்டத்துடன் பின்வாங்கி, அடுத்த மாதத்தின் முதல் நாளில் பரங்கிப்பேட்டைக்கு அருகே ஹைதரை வென்றார். இத்தகைய யுத்தங்கள் ஓய்ந்த பிறகு, 1801ல், தெற்கே பாளையக்காரர் கிளர்ச்சியை அடக்கிய கையோடு கம்பெனி சர்க்கார் அப்பகுதி மக்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டது.

சென்னை மாகாணத்தில் ஒழுங்கமைந்த போலீஸ் இலாகா 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டத்தால் உருப்பெற்றது. இவ்விலாகா தொடக்கத்தில் ஏந்திய ஆயுதங்கள் பெரும்பாலும் பிறர் கழித்தவையே என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். இராணுவம் புதிய துப்பாக்கியைப் பெறும்போதெல்லாம் அது கைவிட்ட ஸ்னைடரும் மார்ட்டினி-ஹென்றியும், குழலின் உட்சுற்று வரிகள் கடையப்பட்டு வழவழப்பாக்கப்பட்ட பிறகு, இந்தியப் போலீஸுக்கு அனுப்பப்பட்டன. சுற்று வரிகள் இல்லாத குழலிலிருந்து வெளிப்படும் குண்டு தொலைதூரத்தில் குறி தவறும். அந்தக் குறையையே சர்க்கார் விரும்பியது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின் நினைவு நீங்காத ஆட்சியாளர், சுதேசிப் போலீஸ்காரர் தங்கள் கட்டளையை மீறினாலும் அவர் கையிலுள்ள கருவி இராணுவத்தின் கருவிக்கு ஈடாகாதபடி பார்த்துக்கொண்டனர்.

இந்த அவநம்பிக்கையின் மிக நுட்பமான வடிவம் .410 மஸ்கட் ஆகும். .303 அங்குல லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் எடுத்துக் குழலை அகலப்படுத்தி, ரவைப் பெட்டியை நீக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாவைக் கையால் இட்டுச் சுடும்படி மாற்றினார்கள். அதற்குரிய தோட்டாவோ, .303 தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டுச் செய்தது. ஆகவே இராணுவத்தின் தோட்டாவும் அதில் பயன்படாது, கடைகளில் விற்கும் வேட்டைத் தோட்டாவும் சரிவரப் பொருந்தாது. ஒரு போலீஸ்காரர் சர்க்கார் கணக்கெழுதிக் கொடுத்த தோட்டாக்களைத் தவிர வேறெதையும் சுட முடியாதபடி, துப்பாக்கியின் வாயிலேயே சட்டம் எழுதப்பட்டிருந்தது. அதிகாரிகளுக்கு இத்தகைய கட்டு இல்லை. அவர்களுடைய இடுப்பில் வெப்லி ரிவால்வர் இருந்தது.

குடிமக்கள் விஷயத்தில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது, அதே அவநம்பிக்கையை நாடு முழுவதும் விரித்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. இந்தியர் லைசென்ஸுக்குக் கலெக்டரின் கச்சேரியில் காத்திருந்தனர். இந்த ஏற்றத்தாழ்வை நம் முன்னோர் சிறு குறையாகக் கருதவில்லை. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியதைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கொடிய செயல்களில் ஒன்றாகக் காந்தியடிகளே 1918ல் எழுதினார். கடலூருக்கு வடக்கே சில மைல் தூரத்தில் பிரெஞ்சு எல்லை இருந்தமையால், இச்சட்டத்துக்கு இந்த ஜில்லாவில் ஒரு விசேஷ சங்கடமும் இருந்தது. அக்காலத்தில் புதுச்சேரிக்கு இந்திய ஆயுதச் சட்டம் செல்லவில்லை. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயரிடம் சுடுபயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டார்.

சுதந்திரப் போராட்டத்தின் உச்சத்தில், 1931ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஆயுதம் வைத்திருத்தலைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக, விதிகளுக்கு உட்பட்டு, தன் தீர்மானத்தில் சேர்த்தது. ஆயினும் 1948ல் அரசியல் நிர்ணய சபையில் அவ்வுரிமையைச் சேர்க்க எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. தேசப்பிரிவினையின் இரத்தம் உலராத அந்நாட்களில் சபை வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்பதும், அது சரியான முடிவே என்பதும் என் துணிபு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நாள் அமலுக்கு வந்தபோது, லைசென்ஸ் எல்லா இந்தியருக்கும் ஒரே நெறியின்படி வழங்கப்படலாயிற்று.

ஆனால் அச்சட்டத்தின்கீழ் எழுந்த 1962ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையில், பழைய மதில் புதிய கல்லால் எழுப்பப்பட்டது. .303 அல்லது 7.62 மில்லிமீட்டர்ப் படைத் தோட்டாவை ஏற்கும் ரைஃபிள்கள், .410 மஸ்கட் தோட்டாவை ஏற்கும் மஸ்கட்டுகள், .380, .455, 9 மில்லிமீட்டர் ஆகிய படைத் தோட்டாக்களை ஏற்கும் பிஸ்டல்களும் ரிவால்வர்களும் ஆகிய யாவும் தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல் துளை) என்ற வகையில் சேர்ந்தன. இந்தப் பட்டியலைப் போலீஸ் ஆயுதக் கிடங்கின் இருப்புப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஜில்லாக் கலெக்டர் அனுமதி தரக்கூடியவை .22, .32 போன்ற போர்களே. மற்றவற்றுக்கு டில்லியில் உள்துறை அமைச்சகத்தையே அணுகவேண்டும். களவு போன போலீஸ் தோட்டாவுக்குக் குடிமக்கள் துப்பாக்கியில் இடமில்லை, குடிமக்கள் வாங்கும் .32 தோட்டாவின் விசை 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் விசையில் பாதிக்கும் குறைவு. போலீஸ் ரிவால்வர் கடைக்கு வராமைக்குக் காரணம் இதுவே: அதன் துளைக்கு உரிய லைசென்ஸ் கடலூர் மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் அலுவலகத்தில் கிடைப்பதற்கில்லை.

இம்மதிலின் அவசியத்தை உணர்த்தும் ஒரு நிகழ்ச்சி சிதம்பரத்திலேயே உண்டு. 1965ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, ஜனவரி 27 அன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்மீது போலீஸார் சுட்டதில் இராஜேந்திரன் என்னும் மாணவர் உயிர் இழந்தார். ஒரு தமிழ் இளைஞனின் உயிரைப் பறித்த கருவி, பின்னொரு நாளில் யாரோ ஒருவரின் வீட்டு அலமாரியில் சேகரிப்புப் பொருளாகப் பளபளக்கும் சாத்தியம் சட்டத்தால் அடைக்கப்பட்டிருப்பதை எண்ணி நான் ஆறுதல் அடைகிறேன். அரசின் பெயரால் நிகழ்ந்த செயலுக்கு அரசே இறுதி வரை பொறுப்பாளியாக இருத்தல் வேண்டும்; அக்கருவியும் அதன் பொறுப்பிலேயே முடிய வேண்டும்.

அமெரிக்காவின் வழி நேர் எதிரானது. அங்கே நெடுங்காலம் போலீஸாரின் ஆயுதமாக இருந்தது .38 ஸ்பெஷல் ரிவால்வர். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரில் கொள்ளையர் இருவரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் இருவர் மாண்டதும், பெட்டியில் பல தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டல்களின்மீது இலாகாக்களின் கவனம் திரும்பியது. 1982ல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற கிளாக் பிஸ்டல், பழைய ரிவால்வர்களை விலைக்குக் கழித்துக்கொண்டு புதியவற்றைத் தரும் உத்தியால் அந்நாட்டில் வேகமாகப் பரவிற்று. 1990ல் .40 தோட்டா வெளிவந்தபோதும், 2015க்குப் பிறகு இலாகாக்கள் மீண்டும் 9 மில்லிமீட்டருக்குத் திரும்பியபோதும், கழிக்கப்பட்டவை ஏராளமாகக் கடைகளுக்கு வந்தன. அவற்றை வாங்குவோர் சொல்லும் இலக்கணம் ஒன்றுண்டு: உறையில் உரசி உரசி மேற்பூச்சு தேய்ந்திருக்கும், குழலின் உட்புறமோ ஆண்டுக்குச் சிலமுறை பயிற்சியில் மட்டும் சுடப்பட்டதால் புதிதுபோல் மின்னும். இரவில் குறிபார்க்க உதவும் டிரிட்டியம் புள்ளிகள் சுமார் 12 ஆண்டுகளில் ஒளி பாதியாகி மங்கியிருக்கும். மீள்சுருளை மாற்றிவிட்டு, சுடுதளத்தில் காகித இலக்கின்மீது சில பெட்டித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும் என்பர்.

கடலூர் வாசி ஒருவர் பழைய கைத்துப்பாக்கி வாங்குவதானால், அது பெரும்பாலும் மற்றொரு லைசென்ஸ்தாரரின் .32 ரிவால்வராகவோ பிஸ்டலாகவோ இருக்கும். முதலில் அவர் 21 வயது நிரம்பியவராய், போலீஸ் விசாரணையும் பயிற்சியும் முடித்து, கலெக்டரிடம் லைசென்ஸ் பெறவேண்டும். விற்பவரோ, தம் எண்ணத்தை ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாள் கழிந்த பின்னரே துப்பாக்கியைக் கைமாற்றலாம்.

பொருளைப் பார்க்கும் முறையும் நம் கடற்கரைக்கு ஏற்றவாறு அமைந்தது. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பின்புறத்தில் வெள்ளைத் தாள் துண்டொன்றை வைத்து, வெளிச்சத்தில் குழல் வாயின் வழியே நோக்கவேண்டும். சுற்று வரிகளின் ஓரங்கள் கூர்மையாய்த் தெரிந்தால் நலம், அம்மைத் தழும்புகள்போல் குழிகள் தெரிந்தால் அது துருவின் வேலை. ரிவால்வரானால், சுத்தியை மெல்லப் பின்னிழுக்கும்போது உருளை சுழன்று ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேரே வந்து அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆட்டம் இருந்தால் சுடும்போது ஈயம் செதுக்கப்பட்டுப் பக்கவாட்டில் சிதறும். கடலூர் முதுநகரின் உப்புக்காற்றில் எண்ணெய் காய்ந்த இரும்பு ஒரு மழைக்காலத்துக்குள் நிறம் மாறிவிடும். தோல் உறையிலேயே நெடுநாள் வைத்துவிடுவது பெருந்தவறு, ஏனெனில் பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேல் பிடித்து வைத்திருக்கும். சுட்டபின் புல்-த்ரூ கயிற்றில் துணி கோத்துக் குழலைத் துடைப்பது போலீஸாரும் தேசிய மாணவர் படையினரும் பழகிய முறை. அதையே துப்பாக்கி வாங்கியவரும் கைக்கொள்ளலாம். சுட்டுப் பழகுவதற்கு அங்கீகாரம் பெற்ற சுடுதளமே இடம், தென்னந்தோப்பு அல்ல.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் நிறுத்தப்பட்டமையால், அதற்கு முன் வந்த வெப்லியும் வால்தரும் இன்று பழையவையாக மட்டுமே கிடைக்கும். புதிதாய்ச் செய்த உள்நாட்டுத் துப்பாக்கியைவிடப் பன்மடங்கு விலை பெறுவது அதனால்தான். சுங்க இலாகா பறிமுதல் செய்த சில துப்பாக்கிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் விலைக்குக் கொடுக்கப்பட்டதும் உண்டு. சாமானியருக்கு மறுத்ததைச் சிலருக்குத் தந்த அவ்வழக்கத்தை நியாயமென்று சொல்ல எனக்கு மனம் இல்லை. உள்நாட்டில் கான்பூர்த் தொழிற்சாலை .32 ரிவால்வர்களைச் செய்கிறது. 2014ல் பெண்களை உத்தேசித்து நிர்பீக் என்னும் இலேசான ரிவால்வரையும் அது வெளியிட்டது.

போலீஸாரின் பழைய ஆயுதங்களோ, கணக்கில் கழிக்கப்பட்ட பின்னும் அரசின் பொறுப்பிலேயே இருந்து அழிக்கப்படுகின்றன. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில் .303 ரைஃபிளுக்கு விடைகொடுத்தது. யாவற்றையும் உருக்கிவிடுவதிலும் ஓர் இழப்பு உண்டு. 2021ல் சென்னை எழும்பூரில், பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் திறக்கப்பட்ட போலீஸ் அருங்காட்சியகத்தைப் போன்ற ஒன்று கடலூரிலும் அமைந்து, சுடமுடியாதபடி முடக்கிய ஒரு .410 மஸ்கட்டை அதன் விசித்திரத் தோட்டாவோடு வைத்தால், மேலே விவரித்த அவநம்பிக்கையின் சரித்திரத்தை மாணவர்கள் கண்முன் காண்பர்.

குடிமக்களின் துப்பாக்கியும் சில வேளைகளில் போலீஸ் பொறுப்புக்குச் செல்வதுண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் லைசென்ஸ்தாரர் பலர் தம் துப்பாக்கியை உறையிலிட்டுப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது பெற்று, வாக்கெண்ணிக்கை முடிந்தபின் திரும்ப எடுத்துவருகின்றனர். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசுகள் தாமதமின்றித் துப்பாக்கியை நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும் என்பது சட்டத்தின் 21ஆவது பிரிவு. வாரிசு தமக்கென லைசென்ஸ் பெற்றோ, உரியவருக்கு விற்றோ முடிக்கலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் நிகழாவிடில், ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்பேரில் அது அரசுக்குப் பறிமுதலாகும்.